தண்டுவடக் காயத்தோடு ஊர் திரும்பியவரை எப்படிக் கவனிப்பது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தென்னை ஏறும்போது விழுந்தவர், பைக்கில் போய் லாரியில் மோதியவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து கீழே வந்தவர். தமிழ்நாட்டில் எந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டாலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். 108 வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷன் நடக்கிறது. சாலை விபத்தாக இருந்தால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவுக்குக் கைகொடுக்கிறது. உயிர் பிழைத்துவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு யூரின் பை, கொஞ்சம் மாத்திரைகளோடு வீட்டில் கொண்டுவந்து படுக்க வைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் படித்தாலும் உதவும்.

அறுந்த தண்டுவடத்தை நம்மால் ஒட்டவைக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியாலும் முடியாது. ஆனால் வீடு திரும்பியவரின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் நெஞ்சுச் சளியும்தான். தண்டுவடக் காயம் பட்டவர்கள் மற்றவர்களைவிட உரிய வயதுக்கு முன்பே இறந்துபோகும் வாய்ப்பு இரண்டு முதல் ஐந்து மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் எழுதியது. வசதி குறைந்த நாடுகளில் நிலைமை இன்னும் மோசம் என்றும் சேர்த்தே சொன்னது. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இந்தக் காயத்தோடு வாழ்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றத் தேவையான சோப்பு, கையுறை, பிபி மெஷின் எல்லாம் ஒரு துணை சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. முறை தவறாமல் போய்ப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

முதலில் பட்டியல்

ஓபிக்கு வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வரமாட்டார்கள். ஆட்டோவுக்கு காசு வேண்டும், தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், வந்தாலும் வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் புண் வரும். நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்கு நல்ல வழி. வட்டார அளவில் இயன்முறை மருத்துவரும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் வீட்டுக்கே போகிறார்கள். தெருத் தெருவாக அறிந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "தண்டுவடக் காயம்" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. "விழுந்து அடிபட்டுக் கால் விளங்காமல் போனவர் யாராவது உண்டா, டியூப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவர் உண்டா" என்று கேளுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரிடமும் கேளுங்கள். குறிப்பாகப் பெண் நோயாளிகளைத் தேடுங்கள். வீட்டுக்குள் மறைந்துபோவது அவர்கள்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காயம் பட்ட தேதி, எந்த மட்டத்தில் காயம், சிறுநீர் எப்படிப் போகிறது, இப்போது புண் இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவருடைய போன் எண். இவ்வளவு போதும்.

மட்டம் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். சி என்றால் கழுத்து, டி என்றால் மார்புக்குப் பின்புறம், எல் என்றால் இடுப்பு. சி5 என்று இருந்தால் கை விரல்களும் வேலை செய்யாது. எல்1 என்றால் கை முழு பலத்தோடு இருக்கும், வீல்சேரில் தானே ஏறி இறங்கலாம். டி6, அதற்கு மேலே டி5, டி4 என்று கழுத்து வரை எந்த எண் இருந்தாலும் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு குறி போடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அது உயிர் காக்கும் குறி.

வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே போங்கள்

மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வருவது முதல் ஆண்டில்தான் அதிகம். அதனால் முதல் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

போனதும் மனைவியிடமோ அம்மாவிடமோ பேச ஆரம்பித்துவிடுவது நம் வழக்கம். படுத்திருப்பவரிடம் பேசுங்கள். அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். சில மாதங்கள் கழிந்தவர் என்றால் தன் உடம்பைப் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும். "இன்றைக்கு ஏதோ சரியில்லை" என்று அவர் சொன்னால் அதை நம்புங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கியதே தண்டுவடக் காயம் பட்ட ஒரு பெண்தான். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார், 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளிக்குத் தெரிந்ததை மருத்துவம் காது கொடுத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பேசி முடித்ததும் வீட்டைப் பாருங்கள். கட்டில் எவ்வளவு உயரம், கழிவறை வாசலில் வீல்சேர் நுழையுமா, தரையில் இழுத்து இழுத்து நகர்கிறாரா, மின்விசிறி இருக்கிறதா. இரவில் யார் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் வரத் தயங்கினால் யாரும் திருப்புவதில்லை என்று பொருள்.

தோல்

உணர்ச்சி இல்லாத தோல் வலிக்காது. நாம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நம்மை அறியாமலே அசைந்து கொடுக்கிறோம். அவருக்கு அந்த எச்சரிக்கை மூளைக்குப் போவதே இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய சதைக்கு ரத்தம் போகாமல், சில மணி நேரத்திலேயே உள்ளே அழுக ஆரம்பித்துவிடும். மேலே ரூபாய் நாணயம் அளவு தெரியும் புண், உள்ளே உள்ளங்கை அளவுக்குப் பரவியிருப்பது சாதாரணம்.

பார்க்க வேண்டிய இடங்கள்: வால் எலும்பின் மேல்பகுதி, உட்காரும்போது தரையில் படும் இரண்டு எலும்புகள், இடுப்பின் இரு பக்கமும், குதிகால், கணுக்கால். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பார்க்கப் பழக்குங்கள். கை நன்றாக இருப்பவர் கண்ணாடி வைத்துத் தானே பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் போனில் படம் எடுத்து அவரிடமே காட்டச் சொல்லுங்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் முதல் நிலைப் புண். தோல் கிழியாவிட்டாலும் புண்தான். நிறம் பழையபடி ஆகும்வரை அந்த இடத்தில் எடை படவே கூடாது. தேய்த்து விடுவதும் கூடாது, எண்ணெய் போட்டு மசாஜ் செய்தால் உள்ளே இருக்கும் சதை மேலும் நைந்துபோகும்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை எடையை மாற்ற வேண்டும். கைகளை ஊன்றி இரண்டு வினாடி எழும்பி உட்கார்வது போதாது. முன்பக்கமாக முழங்காலை நோக்கிக் குனிந்தோ, ஒரு பக்கமாகச் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் இருந்தால்தான் ரத்தம் திரும்ப ஓடும். நடுவில் ஓட்டை உள்ள டியூப் மாதிரி வளையத்தின் மேல் உட்கார வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்; வளையம் பட்டுச் சுற்றியுள்ள ரத்த ஓட்டம் அடைபடும். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பாமல் விட்டால் புண் வரும். கரண்ட் போனால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு.

கிராமத்து வீடுகளில் புண்ணுக்கு இன்னொரு காரணம் தரையில் இழுபடுவது. சிமெண்டுத் தரையில் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் தோல் உரியும். கட்டிலையும் வீல்சேரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, வழவழப்பான ஒரு பலகையை நடுவில் பாலமாக வைத்து நகரக் கற்றுக்கொடுங்கள். சூடும் அப்படித்தான். மடியில் வைத்த டீ டம்ளர், பைக் சைலன்சர், வெயிலில் காய்ந்த கல் திண்ணை, குளிருக்கு வைத்த வெந்நீர்ப் பை எதுவும் அவருக்குச் சுடாது, ஆனால் வெந்துபோகும்.

புண் வந்துவிட்டால் சலைன் போட்டுக் கழுவுங்கள். சலைன் இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி உப்பு போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள் தூள், பச்சிலை, பவுடர் எதுவும் புண்ணுக்குள் வேண்டாம். முட்டை, பருப்பு, மீன் எதாவது தினமும் சேரட்டும். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பக்கம் படுக்கவும் உட்காரவும் கூடாது. எத்தனை விலையுள்ள மருந்து போட்டாலும் அழுத்தம் நீங்காமல் ஆறாது. கறுத்த சதை, எலும்பு தெரிவது, நாற்றத்தோடு காய்ச்சல் என்றால் மேல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தாமதிக்க வேண்டாம்.

சிறுநீர்

நிரந்தரமாக டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். முடிந்தவர்களை அதிலிருந்து விடுவித்து, குறித்த நேரத்தில் தானே மெல்லிய டியூப் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே டியூபை வெளியே எடுத்துவிடும் முறைக்கு மாற்றுவதுதான் இந்தப் பணியிலேயே மிகப் பயனுள்ள மாற்றம் என்பேன். கிருமிநீக்கம் செய்த கையுறை, அறை எதுவும் இல்லாமல் சோப்பு போட்டுக் கழுவிய கையாலேயே வீட்டில் இதைச் செய்யலாம் என்று அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஜாக் லாபிடெஸ் 1972-இல் எழுதினார். அன்றைக்கு அது பலருக்கு அதிர்ச்சி. இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

நேரம் வைத்துக்கொள்ளுங்கள்: காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. விழித்திருக்கும் நேரத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும் அல்லது குடிக்கும் தண்ணீரைப் பகிர்ந்து குடிக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தால் சிறுநீர் மேலே ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைவாக. பெண்களுக்கு முதலில் கண்ணாடி வைத்துக் காட்டிக்கொடுங்கள். பழகியதும் கண்ணாடி தேவைப்படாது. கை விரல் வேலை செய்யாதவருக்கு வீட்டில் ஒருவர் செய்துவிடலாம், ஆனால் அந்த ஒருவருக்கு வெளியே போக வாய்ப்பே இல்லாமல் போகும் என்பதையும் நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். டியூப் ஒவ்வொரு முறையும் புதிதாக இருப்பதே நல்லது. அந்த வசதி இல்லாத வீடுகளில் சோப்பு போட்டுக் கழுவி, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காயவைத்து மூடிய டப்பாவில் வைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் மருந்தகத்தில் 12, 14 எண் டியூபுகளும் ஜெல்லியும் தீராமல் இருக்கட்டும். டியூப் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிய நாளில்தான் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

நிரந்தர டியூப் தவிர்க்க முடியாதவர்களும் உண்டு. சாதாரண டியூப் என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்றுங்கள், முழு சிலிக்கோன் என்றால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். பயணத்தின்போது மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சிறுநீர் திரும்ப உள்ளே போகும்.

டியூப் போடுபவர் எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்தாலே ஆன்டிபயாடிக் எழுதிவிடாதீர்கள். காய்ச்சல், குளிர், கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுப்பது, திடீரென ஒழுகுவது, உடம்பு சோர்ந்துபோவது என்று அறிகுறி இருந்தால் மட்டும் சிகிச்சை. தேவையில்லாமல் கொடுத்த ஒவ்வொரு கோர்ஸும் அடுத்த தடவை எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியாக அவரிடமே திரும்பி வருகிறது.

மலம்

இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. ஆனால் வேலைக்கோ கல்யாணத்துக்கோ போகாமல் ஒரு மனிதன் வீட்டுக்குள்ளேயே முடங்குவதற்கு இதுதான் முதல் காரணமாக இருக்கும். நீங்களே கேளுங்கள்.

தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரே நேரத்தில். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். காயம் மேல் மட்டத்தில் இருந்தால் குடலின் அனிச்சைச் செயல் மிச்சமிருக்கும். சப்போசிட்டரி என்ற, ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரையை வைத்தோ, கையுறையும் ஜெல்லியும் போட்ட விரலால் ஆசனவாயை மெதுவாகச் சுழற்றித் தூண்டியோ மலம் வெளியேறச் செய்யலாம். அடி இடுப்புக் காயம் என்றால் அந்தச் செயல் இருக்காது. விரலால்தான் எடுக்க வேண்டும். கீரை, வாழைப்பழம், தண்ணீர் எல்லாம் உண்டு, ஆனால் ஒரு ஒழுங்கான நேரம்தான் முக்கியம். ஒழுங்குக்கு வரச் சில வாரம் ஆகும். நடுவில் விட்டுவிடாமல் ஊக்கம் கொடுங்கள்.

சிவப்புக் குறி எதற்கு

டி6-லோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலி. முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது, மூக்கடைக்கிறது, கீழ் உடம்பு சில்லென்று இருக்கிறது. பிபி பார்த்தால் 150. நம் கண்ணுக்கு அது அவ்வளவு பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் கழுத்துக் காயக்காரரின் வழக்கமான மேல் எண்ணே 90 முதல் 110 தான். அவருக்கு அதைவிட 20, 40 கூடினாலே ஆபத்து. கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மூளையில் ரத்தக் கசிவு, மரணம். இதற்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடம்பை உறுத்துகிறது. செய்தி மூளைக்குப் போகாததால் ரத்தக் குழாய்கள் கட்டுப்பாடின்றிச் சுருங்குகின்றன. பல நேரங்களில் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பை. அதனால்தான் இது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தீர்க்கக்கூடிய அவசரம்.

உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள். மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தால் பிபி இன்னும் ஏறும். இடுப்புப் பட்டை, கால் பட்டை, செருப்பு, இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி பாருங்கள். டியூப் இருந்தால் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு என்றால் 10, 15 மில்லி சலைனை மெதுவாக விட்டுப் பார்க்கலாம், சரியாகவில்லை என்றால் டியூபை மாற்றிவிடுங்கள். டியூப் இல்லாதவருக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லி தடவி டியூப் போடுங்கள். சிறுநீர் போயும் குறையவில்லையா, மலம் கட்டியிருக்கிறதா என்று அதே ஜெல்லி போட்டுச் சில நிமிடம் காத்திருந்து பாருங்கள். அதுவும் இல்லையென்றால் புண், உள்ளே வளர்ந்த கால் நகம், மடியில் சிக்கிய பொருள் என்று தேடுங்கள்.

இதற்கிடையில் மேல் எண் 150-க்குக் கீழே இறங்காவிட்டால் வேகமாக வேலை செய்து, சீக்கிரம் வீரியம் அடங்கும் பிபி மருந்தை மருத்துவர் கொடுக்க வேண்டும். நைட்ரேட் வகை பிபி மருந்து கொடுப்பதற்கு முன் ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று தனியாகக் கேளுங்கள். சாப்பிட்டிருந்தால் நைட்ரேட் கூடாது. காரணம் நீங்கிய பிறகும் இரண்டு மணி நேரம் கவனியுங்கள். கட்டுப்படாவிட்டால் 108, உட்கார்ந்த நிலையிலேயே.

இந்தப் பகுதியைச் சுருக்கித் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, அவருடைய வழக்கமான பிபி எண்ணையும் சேர்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக் கொடுங்கள். டூட்டி டாக்டருக்கே இது தெரியாத இரவுகள் உண்டு. அந்த அட்டை நோயாளிக்காகப் பேசும்.

வேறு சில

வலி இல்லாததால் நோய்கள் வேறு வேடத்தில் வரும். குடல்வால் அழற்சி வந்தால்கூட வயிறு வலிக்காமல் பசியின்மை, உப்புசம், கால்கள் அதிகமாக வெட்டி இழுப்பது என்று மட்டும் தெரியலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்த உறைவோ எலும்பு முறிவோ இருக்கலாம். எலும்பு பலவீனமாகிவிடுவதால் கட்டிலிலிருந்து மாறும்போது கால் முறுக்கினாலே உடையும். மரத்துப்போன எல்லை மெல்ல மேலே ஏறினாலோ, இருந்த கை பலம் குறைந்தாலோ தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகிறதா என்று பார்க்க உடனே அனுப்புங்கள்.

கால் வெட்டி இழுப்பதற்குப் பேக்லோஃபென் மாத்திரை சாப்பிடுபவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே உங்களிடம் ஸ்டாக் இருக்க வேண்டும். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது; சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருந்தால் கிருமியே இல்லாமல் உடம்பு கொதிக்கும். ஈரத் துணியும் தண்ணீர் தெளிப்பானும் மின்விசிறியும்தான் மருந்து. இருமிச் சளியைத் தள்ளும் பலமும் அவர்களுக்குக் குறைவு, எனவே மூச்சு வாங்குவதைச் சாதாரணச் சளி என்று விடாதீர்கள். இருமும் நொடியில் தொப்புளுக்கு மேல் உள்ளங்கையால் உள்நோக்கி மேல்புறமாக அழுத்தி உதவ வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

உங்கள் கட்டடம்

சாய்தளம் இருக்கும், ஆனால் அதன் முடிவில் ஒரு படி இருக்கும். இல்லையென்றால் பைக் நிறுத்தியிருப்பார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் அளவு. அதைவிடச் செங்குத்தானால் பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். பரிசோதனைக் கட்டில் ஒன்றாவது வீல்சேர் இருக்கை உயரத்தில் இருக்கட்டும். கட்டில் உயரமாக இருப்பதால் சக்கர நாற்காலியிலேயே வைத்துப் பார்த்து அனுப்பப்பட்டவர்களின் புண்ணை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள், கூட்டம் குறைந்த ஒரு நேரத்தை இவர்களுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

பெண்கள், குடும்பம், மனசு

காயத்துக்குப் பிறகு சில மாதம் மாதவிடாய் நிற்கலாம், பிறகு வந்துவிடும். கருத்தரிக்கவும் முடியும். "இனி எங்கே" என்று கருத்தடையையும் பேசாமல், குழந்தை ஆசையையும் பேசாமல் விடுவது தவறு. கர்ப்பமானால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் பிரசவம்; டி6-லோ அதற்கு மேலோ காயம் என்றால் பிரசவ வலியே அந்த ஆபத்தான பிபி ஏற்றத்தைக் கிளப்பும். ஆண்களுக்கும் தாம்பத்தியம் பற்றிக் கேட்க ஆசை இருக்கும், நீங்கள் வழி திறந்தால்தான் கேட்பார்கள்.

பார்த்துக்கொள்ளும் மனைவி, அம்மாவுக்கும் அதே வீட்டில் பிபி, சர்க்கரை பாருங்கள். அவர்களுடைய முதுகுவலியைக் கேளுங்கள். நோயாளி, தான் சாக வேண்டும் என்று பேசினால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வராதீர்கள். மாவட்ட மனநலக் குழுவிடம் சொல்லுங்கள், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சுவரில் எழுதிக் கொடுங்கள்.

காகிதங்கள்

மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை முதல் வேலை. அது இருந்தால்தான் மற்றவை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். பேட்டரி வீல்சேர், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் எல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வரும். மருத்துவச் சான்றுக்கு ஒரே ஆளை மூன்று முறை வரவழைக்காமல், முகாம் நாளை முன்கூட்டியே விசாரித்து ஒரே பயணத்தில் முடித்துக் கொடுங்கள்.

எங்கே அனுப்புவது, எப்போது திரும்பப் பார்ப்பது

மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்காமலே வீடு திரும்பியவர் என்றால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் அனுப்புங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் பாகாயம் நிலையம் இருக்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம்; 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ, கழுத்துக் காயத்தோடு வாழும் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன் தொடங்கியது. காயம் பட்டவர்களே நடத்தும் இடங்களுக்குப் போய் வந்தவர்களிடம் தெரியும் மாற்றத்தை நம்முடைய அறிவுரை எதுவும் கொண்டுவராது. அவ்வளவு தூரம் போக முடியாதவருக்கு, உங்கள் பட்டியலிலேயே நன்றாகத் தேறிய ஒருவரின் போன் எண்ணை, அவர் சம்மதத்தோடு கொடுங்கள்.

புதிதாக வீடு திரும்பியவரை முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த சில மாதம் மாதம் இரு முறை, பிறகு மாதம் ஒரு முறை பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேன், ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, கொழுப்பு. தசை மெலிந்தவருக்குக் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும், எனவே எண் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். காயம் பட்ட மாதத்தையே அந்தப் பரிசோதனை மாதமாக வைத்து, பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதிவிடுங்கள். உங்களுக்கு மாறுதல் வந்தால் அடுத்து வருபவரிடம் அந்தப் பதிவேட்டைக் கையில் கொடுத்து, முடிந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.